தங்காள் அழட்டும்

முடிவு தெரிந்த கதைதான். அண்ணன்மார் சாமியாகக் கும்பிடப்படும் பொன்னரும் சங்கரும் பிழைக்கப் போவதில்லை என்பது கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பாட்டுக்காரர் உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கி, நாதத்தோடு குரலையும் குழைக்கும்போது முந்தானை நுனி கண்ணுக்குப் போய்விடுகிறது.

அண்ணன்மார் சாமி கதை ஒரு மூச்சில் முடிகிற சங்கதி அல்ல. காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965-ல் அதை ஒலிப்பதிவு செய்ய 18 இரவுகள் பிடித்தன. அண்ணன்மாரைப் பெற்ற குன்னுடையானும் தாமரையும் பிள்ளைக்குத் தவித்தது, பங்காளிப் பகை, பன்றி வேட்டை என எத்தனையோ உண்டு. சனம் காத்திருப்பதென்னவோ அவர்கள் மாண்டு கிடக்கும் படுகளத்துக்குத்தான்.

அண்ணன்களைத் தேடி அங்கே வருகிறாள் தங்காள். அவள் அழுகைக்கு அவசரமே கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் புருஷனைப் பறிகொடுத்தவள் இருப்பாள், மகனை இழந்தவர் இருப்பார். வீட்டில் ‘அழுது என்ன ஆகப் போகுது, ஆக வேண்டியதைப் பாரு’ என்று வாயடைக்கப்பட்டவர்கள். சாமி கதைக்கு அழுவதை யார் தடுப்பது? தங்காளின் சாக்கில் அவரவர் தம் ஆளுக்காக அழுது கொள்ளலாம்.

படுகளச் சடங்கில், அருள் வந்தவர்கள் மாண்ட வீரர்களாகத் தரையில் சாய்ந்து கிடப்பார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இதைக் காணலாம். பெக் பதிவு செய்த கதையிலும் தங்காள் அண்ணன்மாரை எழுப்புகிறாள், கொஞ்ச நேரத்துக்கு மட்டும். பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். செத்தவர் திரும்பி வந்து குடித்தனம் நடத்துவார் என்று கதை பொய் சொல்வதில்லை. விட்டுப்போன ஒரு பேச்சைப் பேசிக்கொள்ள அவகாசம் தருகிறது. ஆறுதல் என்பது அந்த அளவுதான். அந்த அளவே பெரிது.

2014-ல் தரூஃபி, கோல்ஷ் என்ற ஆய்வாளர்கள் 772 பேரிடம் கேட்டபோது, சோக இசை அதிகம் கிளப்புவது துக்கத்தை அல்ல, பழைய நினைவுகளின் ஏக்கத்தை என்று தெரிந்தது. உடுக்கைக்காரருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

18 இரவுக்கு இன்று யாருக்கும் நேரமில்லை, சரி. வேட்டையைச் சுருக்குங்கள், சண்டையைக் குறையுங்கள். தங்காள் அழும் இடத்தில் மட்டும் கோயில் கமிட்டிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.