பழுதான நினைவகமும் பாட வேறுபாடும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் பேச்சுத்தமிழைத் தொகுக்கும் நம்மில் பலர் பழைய மடிக்கணினிகளையே நம்பியிருக்கிறோம். களியக்காவிளைக்கு அப்பால் அக்காளுக்குத் தமிழ்நாடு அரசின் 2011ஆம் ஆண்டுத் திட்டத்தில் கிடைத்தது, இப்பால் தம்பியின் ஆய்வுக்கு வந்துசேரும். கொள்வினை கொடுப்பினைக்கு மாநில எல்லை ஏது? அது அடிக்கடி உறைந்து நின்றால், "ராம் போச்சு, வேற வாங்குங்க" என்று கடைக்காரர் முடித்துக்கொள்வார்.

உறைந்து நிற்பது பெருந்தீங்கு அன்று. பழுதோடு ஓடிக்கொண்டிருப்பதே தீங்கு. யூனிகோடில் 'ர' 2992, 'ற' 2993. 'ல' 2994, 'ள' 2995. 'ந' 2984, 'ன' 2985. ஒவ்வோர் இணைக்கும் இடையே ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு. அந்த பிட் நினைவகத்தில் புரண்டால் 'மரம்' 'மறம்' ஆகும், 'வலி' 'வளி' ஆகும். சொற்பிழை திருத்தி இவற்றைப் பிழையென்று காட்டாது. அரிதாக நிகழ்வதுதான், நிகழ்ந்தால், எல்லைப்புற வழக்கு என்று நாமே அடிக்குறிப்பும் எழுதிவிடுவோம்.

வாங்கப் பணமில்லாதவர்க்கும், ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட கணினி உடையவர்க்கும் லினக்ஸில் ஒரு வழி உண்டு. மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுதும் ஓடவிட்டால் பழுதான முகவரிகளைக் காட்டும். கணினி தொடங்கும்போது 'மெம்மேப்' என்னும் அளபுருவில் அம்முகவரிகளைக் கொடுத்தால், கெர்னல் அங்கு எதையும் வைக்காது. களர்பட்ட பாத்தியை வரப்பிட்டு விலக்கி, எஞ்சிய வயலில் நடுவது போல. நெதர்லாந்தின் ரிக் வான் ரைன் இதற்கென எழுதிய 'பேட்ராம்' ஒட்டு முதன்மைக் கெர்னலில் சேரவில்லை. ஆயினும் அவர் வகுத்த முகவரி வடிவத்தை கிரப் தொடக்கநிரல் ஏற்றுக்கொண்டது. 4 ஜிபி நினைவகம் 4 கேபி அளவில் 10,48,576 பக்கங்கள் கொண்டது. ஒன்றிரண்டு பக்கங்களுக்காக அனைத்தையும் எறிவது எனக்கு ஒப்பவில்லை.

இது ஒட்டுவேலை என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. ஒவ்வொரு சோதனையிலும் புதுமுகவரிகள் தோன்றினால் ராமை மாற்றியே ஆகவேண்டும். விலக்குவதற்கு முன் சேமித்த கோப்புகளும் தாமே திருந்தா. அவற்றை மூலப் பதிவுகளோடு ஒப்பிடத்தான் வேண்டும்.

கேரளப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் மாணவர்க்கு இதனை ஒரே பிற்பகலில் கற்பித்துவிடலாம். மொழித்துறைகளோ, தட்டச்சுத் தரவை ஏற்குமுன் நினைவகச் சோதனை முடிவையும் அதனுடன் கேட்டுப்பெற வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியின் பெயரைக் கேட்கிறோமே, இதைக் கேட்பதில் என்ன தயக்கம்?