மணிமேகலை எங்கே?

கொடைக்கானல் மழையில் கரண்ட் போன ராத்திரியில்கூட டார்ச் அடிச்சு நான் படிச்ச புத்தகம் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகமும்!

2022-லும் 2023-லும் மணிரத்னம் அதை இரண்டு படமா எடுத்தார். கப்பல், சண்டை, பாட்டு எல்லாம் பிரமாதம்தான். ஆனா மணிமேகலை எங்கே? வந்தியத்தேவனைக் காப்பாத்த, கொலைப் பழியையே தன் தலையில் போட்டுக்கிட்ட கடம்பூர்ப் பெண்! கடைசி அத்தியாயத்தில் அவளுக்காக அழாதவங்க கையைத் தூக்குங்க பார்க்கலாம். படத்தில் அவள் இல்லவே இல்லை. இயக்குநரைக் குறை சொல்லலை. ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடைச்சா யாராவது வெளியே நிக்கத்தானே வேணும்?

அதனால இது டிவி தொடரா வரணும். கல்கி எழுதினதே வாராவாரம்தான். 1950-லிருந்து 1954 வரை, 'தொடரும்' போட்டுப் போட்டு. அந்தக் காலத்து வாசகர்கள் ஒரு வாரம் காத்திருந்தாங்க, நாமும் காத்திருப்போமே! எட்டுப் படமா வந்த ஹாரி பாட்டரையே மறுபடி தொடரா எடுக்கிறதா 2023-ல் அறிவிச்சாங்களே!

ஒரே நிபந்தனை: ஒரே முகத்தை மூணு தடவை காட்டி 'டொய்ங்' சத்தம் போடக்கூடாது. பூங்குழலி படகைக் கடல் நடுவுல ஒரு மாசம் நிறுத்தவும் கூடாது.

மணிமேகலையா யார் நடிக்கலாம்? கீழே வெள்ளை இடம் விட்டிருக்கேன், பென்சிலால் எழுதுங்க.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி