ரிப்பேர் பில்லில் கமிஷன் வாங்குகிறவர் காவல்காரரா?

ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு கேள்வி. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜருக்கு எப்படிப் பணம் கொடுக்கிறீர்கள்?

இங்கே புனேயில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. "பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் தீட்டிவிடுகிறார்கள் சார், அதனால் ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன், அவரே ரேட் பேசிவிடுவார்." சந்தோஷம். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தால், மாதக் கட்டணம் போக, ரிப்பேர் செலவில் 10 சதவீதம் மேற்பார்வைக் கூலி! பில் 3,000 என்றால் அவருக்கு 300. 9,000 என்றால் 900. அப்புறம் அவர் எதற்கு ஐயா பேரம் பேச வேண்டும்?

அவர் திருடர் என்று சொல்லவில்லை. வங்கியில் 20 வருஷம் குப்பை கொட்டியவன் நான். வவுச்சர் போடுகிறவர் ஒருவர், பாஸ் பண்ணுகிறவர் வேறொருவர். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பது மகாத்மாவே ஆனாலும் அப்படித்தான். ஆனால் வீட்டு விஷயத்தில் ஆளைக் கூப்பிடுவதும் அவர், வேலை முடிந்தது என்பதும் அவர், வாடகையில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவதும் அவரே.

போன வருஷம் என் கோவை வீட்டுக்கு ஒரு பில் வந்தது. பாத்ரூம் குழாய் 2, கூலியோடு 6,800. என்ன கம்பெனி குழாய், கடை பில் எங்கே, கழற்றிய குழாயின் போட்டோ எங்கே என்று மட்டும் கேட்டேன். மறுநாளே 3,900 ஆகிவிட்டது! அதிலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தது, 15 இலக்கப் பதிவு எண்ணைத்தான் காணோம். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

இதைவிடக் கூத்து, அது என் செலவே இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, பைப் லைன், வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர், சுவிட்ச் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. (பத்து வருஷக் குழாய் என்பதால் பாதியை நானே கொடுத்தேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவன் நான்.)

"வரியில் கழித்துக்கொள்ளலாமே" என்பார்கள் சிலர். முடியாது. வாடகையில் வீட்டு வரி போக மீதிக்கு 30 சதவீதக் கழிவு உண்டு. ரிப்பேருக்கு ஒரு லட்சமே செலவழித்தாலும் அதே 30 சதவீதம்தான்.

நம் மேலும் தப்பு இருக்கிறது. "மாதக் கட்டணமே இல்லை" என்கிற ஆளாகத் தேடிப் பிடிக்கிறோம். அவர் எதில் சாப்பிடுவார்? உங்கள் மோட்டாருக்கு வருஷா வருஷம் காயில் கட்டித்தான்!

அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது மாதக் கட்டணத்தைக் கூட்டிக் கொடுங்கள், ரிப்பேர் சதவீதத்தை அடித்துவிடுங்கள். 2,000க்கு மேல் போனால் முதலில் உங்களைக் கேட்கட்டும். பணத்தை நீங்களே பிளம்பருக்கு நேராக யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். நடுராத்திரியில் பைப் உடைந்தால் மட்டும் கேட்காமல் செய்யட்டும். இதற்கு அவர் மறுத்தால், வருமானம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

என் மேனேஜர் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். மாதம் 500 கூட்டிக் கொடுக்கிறேன்.