பள்ளிக் குழுவில் நமக்கும் இடம் உண்டு

மும்பையில் சங்கத் தேர்தல் என்றால் நம்மவர்கள் பம்பரமாய்ச் சுழல்கிறார்கள். பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேடினால் பலரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இது சரியல்ல.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இக்குழுவின் பொறுப்பு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இதுவே. அத்திட்டமே அரசு மானியத்துக்கு அடிப்படை. ஆசிரியர் போதவில்லையா, கழிப்பறை பழுதா? அதில் எழுத வேண்டும். டீக்கடையில் புலம்பிப் பயனில்லை.

"மராத்தி சரளமாக வராது, ஷிப்டு வேலை" என்பார்கள். சட்டம் பட்டமோ பணமோ கேட்கவில்லை. பிள்ளை அங்கே படித்தால் போதும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கு தரவும் அது சொல்கிறது. கணவருக்கு நேரமில்லையென்றால் மனைவி வரட்டும்.

தமிழ் வகுப்பு மூடப்படுமோ என்று அஞ்சுவோர் அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே பெயர் கொடுக்க வேண்டும். குழுவில் நாம் இல்லாவிட்டால், நம் பிள்ளைகளுக்காக அங்கே யார் பேசுவார்கள்?