ஊர் போய்க் கொல்லும் தூசி

குஜராத்தின் கோத்ரா, பாலாசினோர் வட்டாரங்களில் குவார்ட்ஸ் கல்லை அரைத்து மாவாக்கும் ஆலைகள் இருந்தன. அங்கே வேலை பார்த்துவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளுக்குத் திரும்பிய ஆதிவாசிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கொன்றது சிலிக்கோசிஸ்: கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி உண்டாக்கும் நோய். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ல் குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. அந்தப் பணத்துக்காக 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆலை ஒரு மாநிலத்தில், சாவு இன்னொரு மாநிலத்தில். நடுவில் பொறுப்பு காணாமல் போனது.

இன்று குஜராத்தின் இடத்தில் தமிழ்நாடு நிற்கிறது. க.பரமத்தியிலும் ராதாபுரத்திலும் கல் உடைக்கும் கிரஷர்களில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள். இருமல் முற்றும்போது அவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். சொந்த ஊர் மருத்துவர் காசநோய் என்று எழுதிக் கொடுப்பார். நம் மாவட்ட மருத்துவமனைப் பதிவேடு சுத்தமாக இருக்கும்.

தூசி எங்கே கிளம்புகிறது என்பது கிரஷர் நடத்தும் ஒவ்வொருவருக்கும் தெரியும். டிப்பர் லாரி கல்லைக் கொட்டும் ஹாப்பர், ஜா கிரஷரின் வாய், உடைந்த கல் பெல்ட்டில் விழும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ் என்று பிரித்தெடுக்கும் சல்லடை. எம்-சாண்ட் வந்த பிறகு, கல்லைக் கல்லோடு மோதவிட்டு மணலாக்கும் எந்திரமும் சேர்ந்துகொண்டது. கல் பொடியாகப் பொடியாகத் தூசியும் நுண்மையாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி தரையில் படிந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத துகள். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. உள்ளே தங்கிய துகளைச் சுற்றித் தழும்பு வளரும். வேலையை விட்ட பிறகும் வளரும். குணப்படுத்த மருந்து இல்லை.

தடுக்க வழி உண்டு. சல்லடையையும் பெல்ட்டையும் தகரம் போட்டு மூடலாம். கல் விழும் இடங்களில் தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கலாம். தூசியை உறிஞ்சிப் பைகளில் பிடிக்கலாம். கோடிக்கணக்கில் எந்திரம் வாங்குகிறவருக்கு இதெல்லாம் பெரிய செலவு அல்ல. ஆனாலும், ஈரப்பொடி சல்லடைக் கண்ணை அடைக்கும், உற்பத்தி குறையும் என்று தெளிப்பானை மூடிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை அலட்சியம் என்று மென்மையாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பத்து லோடு ஜல்லி கூடுதலாக எடுக்க இன்னொருவன் மூச்சைச் செலவழிப்பது தெரிந்தே செய்யும் குற்றம்.

அரசின் பங்கு இதற்குக் குறைந்ததல்ல. கிரஷரிலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள், கன மீட்டர் காற்றில் மிதக்கும் தூசி 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கின்றன சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள். இது மொத்தத் தூசியின் கணக்கு; கொல்லும் சிலிக்கா அதில் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. அமெரிக்கா 2016-ல் தொழிலாளி சுவாசிக்கும் சிலிக்காவுக்கென்றே 50 மைக்ரோகிராம் வரம்பு வைத்தது. அந்தத் துகள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது.

உச்ச நீதிமன்றமும் முதலில் நகரத்தைத்தான் பார்த்தது. 1992-ல் டெல்லியின் கிரஷர்களை மூடி ஹரியாணாவின் பாலி பக்கம் போகச் சொன்னது. தலைநகரின் காற்று தெளியட்டும் என்பது நியாயமே. ஆனால் எந்திரம் எங்கே போனாலும் தொழிலாளி அதன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

2025 ஏப்ரலில் மாநில அரசின் கனிம நில வரியை எதிர்த்துத் தமிழகக் கிரஷர்கள் நின்றபோது, ஜல்லி யூனிட் என்ன விலை என்று வீடு கட்டும் அத்தனை பேரும் விசாரித்தோம். அந்த வரிப் பணத்தில் ஒரு பங்கு இந்தத் தொழிலாளிகளுக்குச் சேர வேண்டியது. ராஜஸ்தான் 2019-லேயே தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானால் 3 லட்சமும் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் என்று அறிவித்தது. தமிழ்நாடு அதற்குக் குறைந்து நின்றால் வெட்கக்கேடு.

சிலிக்காவை அளக்காத கிரஷருக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரானாலும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஊருக்குப் போகும் நாளில் அதன் நகலும் வேலைச் சான்றும் அவர் கையில் இருக்க வேண்டும். இருந்தால், அங்கே பார்க்கும் மருத்துவர் காசநோய் என்று எழுதுமுன் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பார். நஷ்டஈடு கேட்டு வரும் மனைவியிடம், உன் புருஷன் இங்கே வேலை பார்க்கவே இல்லை என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது.