காலி ஆசனமும் கட்டாய ஆசனமும்

விமான நிறுவன ஊழியர் சலுகைச் சீட்டில் பறக்கின்றனர் என்றதும், மக்கள் பணத்தில் உல்லாசமா எனச் சிலர் சீறுகின்றனர். அரசுடைமையான ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் நட்டத்தை, விமானமே ஏறியிராத அம்பிட்டியக் கூலித் தொழிலாளியும் வரியாகச் சுமக்கின்றார். கேட்க அவருக்கு உரிமையுண்டு. ஆயினும் கேள்வி உரியவர்மீது விழவேண்டாமா?

ஊழியர் சலுகை உலகெங்குமுள்ள வழக்கம். வரியும் கட்டணமும் செலுத்தி, முழுப் பணம் கொடுத்தோர் ஏறியபின், ஆசனம் மிஞ்சினால் மட்டுமே பெரும்பாலும் அவர் ஏறலாம். அது உழைப்புக்கான ஊதியத்தின் ஒரு கூறு, பிச்சையன்று.

2007 டிசம்பரில் நடந்தது யாது? இலண்டனிலிருந்து கொழும்பு வரவிருந்த நிரம்பிய விமானத்தில், அன்றைய சனாதிபதி மகிந்த ராசபக்சவின் பரிவாரத்துக்காக 35 பயணிகளின் ஆசனங்கள் கேட்கப்பட்டன. நிறுவனத்தின் தலைமை அதிகாரி பீட்டர் ஹில் மறுத்தார். அவரது வேலை விசாவே இரத்தாயிற்று!

மிஞ்சிய ஆசனத்துக்குக் காத்திருப்பவரா, பணங்கொடுத்தவரை எழுப்ப முனைபவரா, யார் குற்றவாளி? சலுகையின் கட்டணமும் முன்னுரிமை வரிசையும் எழுத்தில் வெளியாகட்டும். பொதி சுமப்பவர் முதல் தலைவர் வரை ஒரே விதி ஆளட்டும். விதிக்குட்பட்ட சலுகை உரிமை; விதியை மிதிக்கும் சலுகை கொள்ளையே!