புட்டியும் மூட்டையும்

நானோ யூரியாப் புட்டி ஒன்று வாங்கினால் ஒரு மூட்டை யூரியாவை மிச்சப்படுத்தலாமா என்பதே சேதராப்பட்டு வட்டாரத்து உழவர்களிடையே இன்று எழுந்துள்ள வினா. கடன்பட்டுப் பயிரிடும் அங்கத்தினருக்கு இது விளையாட்டுப் பேச்சன்று. ஆதலின் நம் அபிப்பிராயத்தைத் தெளிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்தனை நுண்ணிய அளவில் பொருள்களை ஆள முடியும் என்று அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன் 1959ல் உரைத்தார். நம் மத்திய அரசும் 2007ல் 1,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை வகுத்தது. உழவும் நெசவும் மருத்துவமும் புத்துருக் கொள்ளும் என்றனர்.

பயனே விளையவில்லை என்று நாம் சொல்லோம். குடிநீரில் கலந்த பூச்சிமருந்தை நுண்வெள்ளியால் நீக்கும் வடிகட்டியைச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர் கண்டனர். அது விற்பனைக்கும் வந்தது. ஆனால் நெசவில் வேறொரு பாடமும் உண்டு. நாற்றம் தடுக்க நுண்வெள்ளி ஏற்றிய காலுறைகளை 2008ல் அமெரிக்காவில் சோதித்தபோது, சிலவற்றில் அவ்வெள்ளி சில துவைப்புகளிலேயே நீரோடு போய்விட்டது.

இனி உரத்துக்கு வருவோம். 2021ல் நானோ யூரியாவை வெளியிட்ட இப்கோ, நம்மைப் போன்ற சங்கங்கள் கூடி அமைத்த நிறுவனம். 500 மில்லிப் புட்டி 45 கிலோ மூட்டைக்கு ஈடாகும் என்றது. இலைவழிச் சத்து வீணாவதில்லை என்பது அதன் வாதம். 11,000க்கு மேற்பட்ட வயல்களில் சராசரி 8 சதவீதம் மகசூல் உயர்ந்ததாகவும் அறிவித்தது.

கணக்கைப் பார்ப்போம். மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல். முதலில் வந்த புட்டியில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். பின்னர் சத்து கூட்டப்பட்டது. 20 சதவீதமாயினும் 100 கிராமே. ஆயிரம் கிலோ நெல்மணியிலேயே சுமார் 10 கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. இலை ஒரு துளியும் சிந்தாமல் உண்டாலும் எஞ்சியது எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்துதான் வரவேண்டும், மண் ஆண்டுக்காண்டு மெலியும்.

லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஈராண்டு சோதித்தது. வழக்கமான யூரியாவைக் குறைத்துப் புட்டியைத் தெளித்த நிலத்தில் நெல் மகசூல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தன. தானியத்தின் புரதமும் குறைந்தது.

விஞ்ஞானத்தின் மேல் நமக்குக் குறையில்லை. விளைவுக்கு முன் ஓடும் விளம்பரத்தின் மேல்தான் குறை. நம் சொந்த நிறுவனத்தையே கேள்வி கேட்பது துரோகமாகாது. கேட்கும் உரிமைக்காகவே கூட்டுறவு ஏற்பட்டது.

ஆதலின் நாம் வேண்டுவது இது: சங்கம் ஒரு வயலை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதிக்கு மூட்டையும் மறுபாதிக்குப் புட்டியும் இட்டு, அறுவடையை எடை போட்டுப் பொதுக்குழுவில் அறிவிக்கட்டும். அதுவரை எவரும் புட்டியை நம்பி மூட்டையைக் குறைக்க வேண்டாம். மூட்டை கேட்டு வருபவரிடம் புட்டியைத் திணிக்கவும் வேண்டாம். களத்துத் தராசு காட்டுவதையே நாம் ஏற்போம்.